கால் ஊன்றாமல்

அடிவாரத்துச் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மகள் பேச ஆரம்பிப்பாள் என்று இளம்பரிதி எதிர்பார்த்தார். அவள் ஆரம்பிக்கவில்லை. வருஷத்தின் கடைசி நாள், விடிந்தும் விடியாத வெளிச்சம், ஏற்காட்டு மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. செக்போஸ்ட்டில் மப்ளருக்குள் முகத்தைப் புதைத்திருந்தவர் "இன்னைக்குமா வக்கீல் சார், லீவே கிடையாதுங்களா?" என்று கேட்டதற்குக் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு வந்திருந்தார், மூச்சைச் சேமிக்க வேண்டும், மேட்டில் மூச்சுதான் எல்லாம். முன்னால் மதியின் சைக்கிள், அதன் பின்சக்கரம், சக்கரத்துக்கு மேலே மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கு. நிறைமதி என்று பெயர் வைத்தவரும் அவரே, அதை மதி என்று பாதியாக்கியவரும் அவரே. இருபத்தாறு வயது, பெங்களூரில் வேலை, சனி ஞாயிறு வரும்போதெல்லாம் அவரோடு மலைக்கு, மேடு ஏறிக்கொண்டே பாட்டுக்கூடப் பாடுவாள். ஐம்பதைத் தாண்டிய அவரால் ஏறும்போது "ம்" என்று சொல்வதே பெரும்பாடு. அதனால்தான் அந்த ஏற்பாடு. மேட்டில் அவள் பேச வேண்டும், இறக்கத்தில் அவர் பேச வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே விழக் கூடாது. இந்த வருஷம் பிறந்த அன்று அவள் போட்ட சட்டம். சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது, சட்டம் படித்தவருக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது. இறக்கத்தில் காது இரண்டையும் காற்று அடைத்துக்கொள்ளும், அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. ஆக வருஷம் பூராவும் அவள் பேசினாள், அவர் மூச்சு வாங்கினார், அதற்கு இருவருமாக மனம் திறந்த உரையாடல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை நினைத்து ஒரு காலத்தில் தனியாகச் சிரித்திருக்கிறார். இன்று அவள் வாயைத் திறக்காமல் மிதித்துக்கொண்டிருக்க, சங்கிலி பல்லில் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்க, பேசு மதி, எதையாவது பேசு, ஆபீஸ் கேண்டீன் சாம்பாரைப் பற்றியாவது பேசு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பினார்.

இரண்டு இலக்குகள். கைபேசியில் எழுதி வைத்திருக்கிறார், இன்று மாலைக்குள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் போட வேண்டும். வருஷக் கடைசியில் எல்லாரும் போடுவார்கள், இத்தனை தூரம் ஓட்டினேன், இத்தனை மலை ஏறினேன், இடுப்பு குறைந்தது, சர்க்கரை குறைந்தது என்று. இவருடையது மட்டும் கொஞ்சம் உயரத்தில் இருக்கும், வக்கீல் எழுதினால் அப்படித்தான் என்று மற்றவர்களும் எதிர்பார்ப்பார்கள். 'நண்பர்களே, இந்த ஆண்டு எனக்கு நானே இரண்டு இலக்குகள் வைத்துக்கொண்டேன். ஒன்று, அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரிவரை ஒரு முறையாவது கால் ஊன்றாமல் ஏறுவது. இரண்டு, யார் என்ன பேசினாலும் அவர்கள் முடிக்கும்வரை திறந்த மனத்தோடு கேட்பது. முதலாவது கால்களுக்கு, இரண்டாவது காதுகளுக்கு. இரண்டாவதுதான் செங்குத்து.' இந்தக் கடைசி வரி தோன்றியபோது என்ன ஒரு சந்தோஷம், குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு வந்து கைபேசியில் தட்டி வைத்தார், மறந்துவிடுமாம். அடுத்த வரியில்தான் சிக்கல். 'இரண்டும் நிறைவேறின' என்று எழுதி, அழித்து, 'ஏறக்குறைய நிறைவேறின' என்று எழுதி, அதையும் அழித்து, ஒரு வாரமாக அந்த இடம் காலியாகவே நிற்கிறது. மற்றவர்களுக்கு என்ன தெரியப் போகிறது, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யாரோ ஒருவர் 'அருமை சார், குறிப்பாக இரண்டாவது' என்று போடுவார். அந்தக் 'குறிப்பாக'வைத்தான் தாங்க முடியாது. குறிப்பாக இரண்டாவது. பெடல் ஒவ்வொன்றுக்கும் அந்தச் சொல் வந்து வந்து முட்டியது, குறிப்பாக, இரண்டாவது, குறிப்பாக, இரண்டாவது, அடச்சே, கொஞ்சம் நிறுத்து என்று தன்னையே அதட்டிக்கொண்டார். அதட்டியதில் ஒரு மூச்சு வீணானது.

இரண்டாவது இலக்கு அவர் தலையில் உதித்ததுகூட இல்லை, மதி கொடுத்தது. போன வருஷக் கடைசியில், எபினேசரைப் பற்றி அவள் முதல் தடவை வீட்டில் வாய் திறந்தபோது. அவளோடு வேலை பார்க்கும் பையன், மார்த்தாண்டம் பக்கம், அப்பா இல்லை, அம்மா அங்கன்வாடியில் வேலை. அவள் நாலு வாக்கியம் சொல்வதற்குள் இவர் பதினாலு கேள்வி கேட்டுவிட்டார். அவள் அழவில்லை, அதுதான் உறைத்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள், "நீங்க கேக்கறதே இல்லப்பா. பதில் சொல்றதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க. இது கோர்ட்டு இல்ல." அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. தன்னைப் போய்! யாரைப் பார்த்து என்ன சொல்கிறாள்! அவருடைய அப்பாவும் அம்மாவும் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள், ஐயர் இல்லை, தாலி இல்லை, மேடையில் மாலை மாற்றி மைக்கில் உறுதிமொழி. இவருக்கு இளம்பரிதி என்று பெயர் வைத்ததே சாமி பெயர் வேண்டாம் என்றுதான். சேலத்தில் யார் வீட்டுக் காதல் கல்யாணத்துக்கும் வாழ்த்துரைக்கு இவரைத்தான் கூப்பிடுவார்கள், மணமக்கள் பயந்துகொண்டு நிற்க, இவர் மைக்கைப் பிடித்தால் எதிர்த்து வந்த மாமன் மச்சான்கள்கூடக் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அந்த மனிதர் பையனின் சாதியைக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் தெரிந்துகொண்டிருந்தார். நாகர்கோவில் கோர்ட்டில் ஒரு நண்பர், வேறு ஏதோ கேஸ் விஷயமாகப் பேசும்போது பேச்சோடு பேச்சாக. தெரிந்த பிறகு மதியிடம், வேலை நிரந்தரமில்லை என்றார், அதிகம் பேசாத பையனாக இருக்கிறான் என்றார், ரொம்ப தூரம் என்றார். ஒவ்வொன்றும் நியாயமான காரணம், கோர்ட்டில் நிற்கும். கோர்ட்டில் நிற்கும் காரணங்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால் கீழே என்ன இருக்கும் என்று இந்த மனம் குனிந்து பார்க்கத் தயாராக இல்லை, அதுதான் அவருக்கு அசிங்கமாக இருந்தது, இப்போதும் அசிங்கமாகத்தான் இருக்கிறது, இந்தக் குளிரில் காது மடல் சுடுகிறது.

ஈரம் கோத்த சாலையில் டயர் லேசாக வழுக்கியது. குரங்கு ஒன்று தடுப்புச் சுவரில் குட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து, இவர் போகிற வேகத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு செய்து திரும்பிக்கொண்டது. தலையை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் இப்போதைய கவலை. ஏறும்போது அவர் தலை ஆடும், வலது கால் அழுந்தும்போது கீழே, இடது கால் அழுந்தும்போது மறுபடி கீழே, விடாமல், சீராக. சைக்கிள் குழுவில் அவருக்குப் பூம்பூம் மாடு என்றே பெயர், முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், பின்னால் வருகிறவர்கள் பாடிக்காட்டுவது தெரியும். நல்லா ஓட்டுகிறவர்களுக்கு உடம்பு அசையாதாம், கால் மட்டும் அசையுமாம். இவருக்கு எல்லாமே அசையும். செப்டம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. முதல் நாள் ராத்திரி மழை பெய்து மலை கழுவி விட்டாற்போல இருந்தது, வெயில் இல்லை, முழங்கால் வலி இல்லை, பாதி மலை தாண்டியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, இன்றுதான், இன்று விட்டால் இல்லை. அதற்கு முன்னால் எத்தனை தடவை, ஒரு தடவை பஸ் குறுக்கே வந்து கால் ஊன்ற வேண்டியிருந்தது, ஒரு தடவை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, ஒரு தடவை ஒன்றுமே இல்லை, வெறுமனே முடியவில்லை. அன்றைக்கு மதி பக்கத்திலேயே வந்தாள், சட்டப்படி பேசிக்கொண்டே வந்தாள். பேச்சு காதில் விழுந்தது, விழாமல் இல்லை, மழை நாளில் பக்கத்து வீட்டு டிவி கேட்பது போலக் கேட்டது. எபி. அவங்க அம்மா. நான் ரொம்ப யோசிச்சுப் பார்த்தேன்பா. அப்புறம் ஒரு லாரி. அப்புறம், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அப்புறம் எத்தனையோ. இவர் வளைவுப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார், பதினைந்து, பதினாறு, இருபதில் முடிந்துவிடும். பதினேழாவது வளைவில் அவள் கேட்டாள், கேள்வி என்று தெரிந்தது, குரல் கடைசியில் மேலே போனதால் தெரிந்தது, "இன்னமும் உங்களுக்கு வேண்டாம்னுதான் இருக்காப்பா?" தலை ஆடியது. கால் அழுத்தியது, தலை ஆடியது. அதற்குப் பிறகு அவள் கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை.

இதுவரைக்கும் சரி. இதுவரைக்கும் அவர் தன் மனச்சாட்சிக்கு முன்னால் தைரியமாக நின்று சொல்வார். தலை தானாக ஆடியது, அது பதில் இல்லை, உடல் அசைவு, உள்நோக்கம் கிடையாது. இந்த வாதத்தை எத்தனை ராத்திரி எழுதி எழுதிச் செம்மையாக்கியிருக்கிறார். கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்கிறவன் தலையாட்டினால் இவர்தான் குரல் கொடுப்பார், "தலையாட்டாதீங்க, வாயால சொல்லுங்க, ஆமாவா இல்லையா?" தலையாட்டலைப் பதிவு செய்ய முடியாது. எவ்வளவு வலுவான வாதம். ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்டிருந்தார் என்பது இந்த வாதத்தில் எங்கேயும் வராது, கவனமாக விட்டுவிடுவார். கேட்டது, ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது, அதைத் தொட்டால் கை சுடும், அதனால் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பிவிடுவார், இப்போதும் அதன் பக்கத்தில்தான் வந்திருக்கிறார், வேண்டாம், சாலையைப் பார், குழி இருக்கிறது, இடது பக்கம் ஒதுங்கு. சில்வர் ஓக் மரங்கள் ஆரம்பித்துவிட்டன. காப்பித் தோட்டத்து வாசனை, ஈர இலையும் மண்ணும் கலந்து. மதி எழுந்து நின்று மிதித்தாள், பிறகு உட்கார்ந்தாள். அவள் முதுகு இளைத்திருக்கிறது. மனைவி கலா நேற்று ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "என்னங்க, பொண்ணு ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறா, நீங்களாவது கேளுங்களேன்." கேளுங்களேன். கலாவுக்கும் இந்த வருஷம் பூரா அதே சொல்தான்.

கலா சொல்லித்தான் விஷயமே தெரியும். தீபாவளிக்கு முந்தின நாள், அதிரசத்துக்குப் பாகு கிளறிக்கொண்டிருந்தாள், மதி இன்னும் பெங்களூரிலிருந்து வந்து சேரவில்லை. "மதி அந்தப் பையன்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டாளாம்" என்றாள், பாகிலிருந்து கண்ணை எடுக்காமல். இவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "எப்போ?" "செப்டம்பர்லயே. அப்பாவுக்கு இஷ்டமில்ல, கேட்டேன், தலையாட்டிட்டார்னு சொன்னா. ஏங்க, நீங்க ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே." அப்போது அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். அடியே, நான் தலையாட்டவில்லை, மூச்சு வாங்கினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு அந்த நிமிஷத்தில் என்ன வந்தது தெரியுமா, நிம்மதி. வெட்கத்தைவிட்டுச் சொன்னால் நிம்மதிதான் வந்தது. தன் வாயால் வேண்டாம் என்று சொல்லாமலே, மேடைப் பேச்சில் ஒரு வரிகூட மாற்றாமலே, காரியம் முடிந்துவிட்டது. யாரையும் எதிர்க்கவில்லை, கெட்டவனாகவில்லை, தலை தானாக ஆடியது, அவ்வளவுதான். "ம்" என்றார். செய்தித்தாளை மறுபடி தூக்கினார். சாயங்காலம் சூடாக அதிரசம் வந்தது, ஒன்று தின்று இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றார். அந்த இரண்டாவது அதிரசம். எத்தனையோ பேருடைய கேஸில் எதிரியைப் பார்த்து இவர் கேட்டிருக்கிறார், அன்றைக்கு நீங்கள் சாப்பிட்டீர்களா, எப்படிச் சாப்பிட முடிந்தது? மறுநாள் மதி வந்தாள், புதுத் துணி உடுத்திக் காலில் விழுந்தாள். அவருடைய அப்பா காலத்துக் கொள்கைப்படி அந்த வீட்டில் யாரும் யார் காலிலும் விழுவதில்லை, அவளுக்கு அது தெரியும், ஆனாலும் விழுந்தாள். இவர் தூக்கி நிறுத்தி, "என்னடா இதெல்லாம் புதுசா" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வருஷம் முடியும்வரை தூக்கிக்கொண்டு அலைகிறார்.

அதற்குப் பிறகு போன் செய்யப் பார்த்தார், பார்த்தார் என்பதே பொய், எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வது? நான் தலையாட்டவில்லை என்று சொன்னால், அப்படியானால் சம்மதமா என்று கேட்பாள். சம்மதமா? கேள்வி அங்கே வந்து நிற்கும். சம்மதம் என்று சொல்ல வாய் வருகிறதா என்று குளியலறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தார், வந்தது, தண்ணீர்ச் சத்தத்தில் நன்றாகவே வந்தது. ஒரு நாள் பார்த்து, அதற்கு அடுத்த நாள் பார்த்து, டிசம்பர் வந்துவிட்டது. இந்த டிசம்பரில்தான் ஒன்று புரிந்தது, எபினேசர் வந்தால் வரட்டுமே. மார்த்தாண்டம் தூரமாக இருந்தால் இருக்கட்டுமே. பையன் பேசாவிட்டால் என்ன, வீட்டில் பேச ஒரு வக்கீல் போதாதா? அவ்வளவு சுலபமாக இருந்தது, அது இவ்வளவு சுலபம் என்று செப்டம்பரிலேயே ஏன் தெரியவில்லை என்பதுதான் நெஞ்சை அறுத்தது. அந்த அம்மாள் வேறு, அங்கன்வாடியில் யார் யார் பிள்ளைகளுக்கோ முட்டை உரித்துக் கொடுக்கும் அம்மாள், மகன் ஊருக்குப் போனதும் என்ன கேட்டிருப்பாள், அவன் என்ன சொல்லியிருப்பான். பொண்ணோட அப்பா தலையாட்டிட்டாரும்மா. அப்படிச் சொன்னானா? தமிழ்நாட்டின் கடைக்கோடியில் ஒரு வீட்டில் தன் தலை ஆடிக்கொண்டிருப்பதாகத் தோன்றி அவர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார்.

ஆகவே முடிவு செய்துதான் இன்று வந்திருக்கிறார். நேற்று அவராகவே மகளைக் கூப்பிட்டார், "வருஷத்தோட கடைசி ரைடு, மேல வரைக்கும் போயிட்டு வருவோமா மதி?" அவள் ஒரு நொடி பார்த்துவிட்டு "போலாம்பா" என்றாள். திட்டம் எளிது. அவள் பேசுவாள், பேச்சு எபியின் பக்கம் வரும், இவர் வண்டியை நிறுத்திவிட்டு, நின்று, முழு மூச்சோடு சொல்வார். அவள் பேசாவிட்டால் என்ன செய்வது என்று திட்டத்தில் இல்லை. எல்லாம் அவள் பேசுவாள் என்பதை நம்பியே இருந்தது, வருஷம் பூரா பேசினாளே. சரி, இவரே ஆரம்பிக்கலாம். ஏழாவது வளைவில் ஆரம்பிக்கலாம் என்று நினைத்தார், அங்கே ஏற்றம் அதிகம், மூச்சு விடவில்லை. அதைத் தாண்டியதும் பின்னால் பஸ் வந்தது. பஸ் போனதும் ஒரு நல்ல தாளம் கிடைத்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை, இந்த நல்ல தாளத்தில் போனால் இன்னொரு தடவை கால் ஊன்றாமல் ஏறிவிடலாம், வருஷத்தின் கடைசி நாளில், எழுதுவதற்கும் நன்றாக இருக்கும், 'கடைசி நாளிலும்' என்று. அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவருக்கே அருவருப்பாக இருந்தது. இன்னுமா? இன்னுமா அது? நீ எப்பேர்ப்பட்ட ஆள் இளம்பரிதி, மகள் வாழ்க்கை போய்விட்டது என்று அழுதுகொண்டே மேடு ஏறுகிறாய், அழுகைக்கு நடுவில் காலைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொள்கிறாய். நிறுத்து. இப்போதே நிறுத்து. கால் நிற்கவில்லை. வலது, இடது, வலது, இடது, தலை ஆடியது, ஆடாதே என்று கழுத்தைப் பிடித்து வைத்தார், கழுத்து வலித்தது, விட்டதும் ஆடியது. பதினான்கு. மேகம் சாலைக்கு இறங்கி வந்து மதியின் சிவப்பு விளக்கைத் தவிர எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. பதினைந்து. யாரோ கீழே எங்கோ ஹாரன் அடித்தார்கள். தொட்டால் சுடுகிற இடம் வந்துகொண்டிருந்தது, இனிமேல் ஒதுங்கிப் போக இடமில்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அன்றைக்கு அவள் கேள்வி கேட்டாள், தலை ஆடியது, கொஞ்ச தூரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினாள். சின்னக் குரலில், சிறுபிள்ளையில் மிட்டாய்க் கடை வாசலில் விரலைப் பிடித்து இழுப்பாளே அந்தக் குரலில், "அப்பா, ஒரு நிமிஷம் நில்லுங்களேன்" என்றாள். லாரி இல்லை, காற்று இல்லை, தெளிவாகக் கேட்டது. இவர் நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான், மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம், ஒரு நிமிஷம்தானே, ஆனால் கால் ஊன்றினால் இந்த வருஷம் போச்சு. அப்படி நினைத்தார், சொல் பிசகாமல் அப்படியே நினைத்தார். மேலே ஏரிக்கரையில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கத்தினார், மதிதான் போட்டோ எடுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது, குளிர்காற்று என்று எண்ணிக்கொண்டார். "இப்பச் சொல்லுடா, என்னமோ நிக்கச் சொன்னியே" என்று கேட்டதும் நினைவிருக்கிறது. "ஒண்ணுமில்லப்பா, தண்ணி குடிக்கலாம்னுதான்" என்றாள்.

பதினேழாவது பலகை மேகத்திலிருந்து வெளியே வந்தது. இடது கால் அழுந்தியது, வலது கால் அழுந்தியது, இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை, அவர் பிரேக்கைப் பிடித்தார். வண்டி பின்னோக்கிச் சரியப் பார்த்தது. காலை ஊன்றினார். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை, தார்ச் சாலை ஷூவுக்கு அடியில் கெட்டியாக, குளிர்ச்சியாக, செப்டம்பரிலும் இப்படியேதான் இருந்திருக்கும்.

"மதி" என்றார். "மதி, நில்லுடா."

அவள் அந்த நொடியிலேயே நின்றாள். வண்டியைத் திருப்பி, உருட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். "என்னாச்சுப்பா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்ல. இல்லடா." மூச்சு வந்து சேர நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள். "அன்னைக்கு, செப்டம்பர்ல, இதே இடத்துல நீ கேட்டே. நான் தலையாட்டினேன்னு நெனச்சுட்டே. நான் ஆட்டலம்மா. அது, ஏறும்போது எனக்குத் தானா ஆடும். அது பதில் இல்ல."

மதி கையுறையைக் கழற்றி முகத்தில் படிந்திருந்த மேகத்தின் ஈரத்தைத் துடைத்தாள். "தெரியும்பா" என்றாள்.

"தெரியுமா?"

"குழுவில உங்களுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல இருந்து உங்க பின்னாடி வரேன். அது பெடல் ஆட்டம்னு தெரியும்."

"அப்ப ஏன்?" சரியப் பார்த்த வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டார். "அப்ப ஏன் அவன்கிட்ட முடியாதுன்னு சொன்னே? அம்மாகிட்ட நான் தலையாட்டினேன்னு ஏன் சொன்னே?"

அவள் கைப்பிடியில் சுற்றியிருந்த டேப்பை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தாள். "அப்பா, நான் நில்லுங்கன்னு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா, விழலையா?"

வாயால் சொல்ல வேண்டிய கேள்வி. "விழுந்துச்சு" என்றார்.

"அவ்வளவுதான்பா. நின்னிருந்தா, நின்னுட்டு முடியாதுன்னு நீங்க கத்தியிருந்தாக்கூட நான் சண்டை போட்டிருப்பேன். அவனைக் கூட்டிட்டு வந்து நம்ம வீட்டுல உக்கார வெச்சிருப்பேன். நீங்க நிக்கல. எனக்கு அதுக்கு மேல சண்டை போடத் தெம்பு இல்லாம போச்சு." டேப்பின் பிய்ந்த முனையை மறுபடி அழுத்தி ஒட்டினாள். "அம்மாகிட்ட வேற என்னப்பா சொல்றது? அப்பா நிக்கலைன்னா? தலையாட்டிட்டார்னு சொன்னா உங்களுக்கும் கௌரவமா இருக்கும்னு நெனச்சேன்."

குளியலறையில் சொல்லிப் பார்த்ததில் மிஞ்சியது ஒரு வரிதான். "எனக்குச் சம்மதம்டா" என்றார். "இப்பச் சொல்றேன். நான் வேணா எபிகிட்டப் பேசறேன். அவங்க அம்மாகிட்டப் பேசறேன். நாளைக்கே மார்த்தாண்டம் போவோம்."

"அவன் மஸ்கட் போயிட்டான்பா. நம்ம பதிலுக்காகத்தான் அங்க கெடச்ச வேலையைத் தள்ளிப் போட்டுட்டு இருந்தான். போன வாரம் நானே போன் பண்ணினேன். வேண்டாம் மதி, ஆறின புண்ணுன்னு சொன்னான். நல்லபடியாத்தான் சொன்னான்." அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தார், அழுதால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார், அவள் அழவில்லை. "குளிருதுப்பா. மேல போயிடலாம். பேசினது நல்லதுதான்" என்று அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினாள், சிவப்பு விளக்கு வளைவைத் தாண்டி மேகத்துக்குள் போயிற்று.

அவரும் ஏறப் பார்த்தார். மேட்டில் நின்ற வண்டியில் மறுபடி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்பது சைக்கிள்காரர்களுக்குத் தெரியும், ஒரு காலை அழுத்தி மறு காலைத் தூக்குவதற்குள் சக்கரம் பின்னால் போய்விடும். முதல் தடவை வழுக்கிற்று, இரண்டாம் தடவை பெடல் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. அந்த வலி ஒரு விதத்தில் நன்றாக இருந்தது, அதைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முயற்சி செய்யவில்லை, கைப்பிடியைப் பிடித்து உருட்டிக்கொண்டே நடந்தார். கேட்பதற்கு இப்போது எவ்வளவு நேரம் இருக்கிறது, எவ்வளவு மூச்சு இருக்கிறது, காதில் காற்றுகூட இல்லை, பறவை ஒன்று எங்கோ விட்டு விட்டுக் கூப்பிடுவதுகூடக் கேட்கிறது, பேசுகிறவள்தான் முன்னால் போய்விட்டாள். கைபேசியில் காலியாக நிற்கும் அந்த வரி நினைவுக்கு வந்தது, அங்கே எழுதுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வளைவில் மிளகாய் பஜ்ஜிக் கடைக்காரர் தார்ப்பாயை விலக்கி அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார், போகிற வருகிற சைக்கிள்காரர்களையெல்லாம் தெரிந்தவர். வக்கீல் வண்டியை உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க சார், தள்ளிக்கிட்டு வரீங்க? பஞ்சருங்களா?"

இளம்பரிதி தலையாட்டினார்.